‘மறுமொழி இல்லை’

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் எல்லையை அண்டிக் கிடக்கும் ஊர் மறிச்சுக்கட்டி. முத்துக்குளிப்பின் வரலாற்றைப் படித்தோர்க்கு அப்பெயர் புதியதன்று. ஆயின் நான் அங்குச் சென்றது முத்தைத் தேடியன்று. இரண்டு இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசாமற்போன காரணத்தைத் தேடியே சென்றேன். முதன்முறை அக்காரணத்தை நான் தவறாகக் கண்டேன். கண்டதை எழுத்திலும் வைத்துக் கையொப்பமும் இட்டேன். அத்தவற்றின் கதையே இது. பொறியியற் பீடத்தார் அல்லாதோரும் இவ்விதழைப் படிப்பராதலின், தொழில்சார்ந்த சில செய்திகளைச் சற்று விரித்தே சொல்லவேண்டியுள்ளது. அன்பர்கள் பொறுத்தருள்க.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்களின் மக்களும் புத்தளப் பகுதிக்குச் சென்று முகாம்களில் வாழ்ந்தனர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே அவர்கள் மெல்ல மெல்ல மீளத் தொடங்கினர். மீண்டவர்க்கு வீடுமில்லை, கிணறுமில்லை. இருந்த கிணறுகளிலும் பல தூர்ந்துபோயின. கடலை அண்டியவை உவர்த்தன. ஆகவே, கடலிலிருந்து சற்று உட்புறமாக நல்ல நீர் கிடைக்கும் இடத்தில் ஒரு குழாய்க்கிணறு தோண்டி, ஊர்ப்பக்கமாக ஓர் உயர்ந்த நீர்த்தாங்கியை எழுப்பி, இரண்டையும் குழாயால் இணைத்து ஒரு சிறு குடிநீர்த் திட்டம் அப்பகுதியில் அமைக்கப்பட்டது. அதன் மின்கட்டுப்பாட்டு வேலையை நான் அப்பொழுது பணிபுரிந்த நிறுவனம் ஏற்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வேலையை முடித்துக் கையளித்தவர்களுள் நானும் ஒருவன்.

பம்பியறைக்கும் தாங்கிக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு மீற்றர் தூரம். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுப்படுத்தி. தொழிலாளர் வழக்கில் ‘பீ.எல்.சீ.’ என்று சொல்லப்படும் இச்சிறு கணினிகளின் வரலாறு நெடியதன்று. மோட்டர் வண்டித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான அஞ்சல் ஆளிகளைக் கொண்ட பலகைகளை ஒவ்வோராண்டும் பிரித்து மீளப் பூட்டுவதற்குப் பதிலாக, எழுதி மாற்றத்தக்க ஒரு பொறி வேண்டும் என்று 1968இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு கேட்டது. டிக் மோர்லி என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் அமைத்த ‘மொடிக்கன் 084’ அதற்கு விடையாக வந்தது. அந்நிறுவனமே 1979இல், இத்தகைய பொறிகள் தம்முட் பேசிக்கொள்வதற்கு ‘மொட்பஸ்’ என்னும் ஒரு மொழியை வகுத்தது. நாற்பது ஆண்டுகளாகியும் அம்மொழி வழக்கொழியவில்லை. அதன் இலக்கணம் மிகச் சிறியது என்பதே அதற்குக் காரணம் போலும்.

அவ்விலக்கணத்தில் இரண்டு விதிகளை மட்டும் இங்குச் சொல்கிறேன். முதலாவது: ஒரு வடத்தில் ஒருவனே வினவலாம்; ஏனையோர் தம் பெயர் சொல்லப்பட்டால் மட்டும் விடையளிக்கலாம். பெயர் என்பது 1 முதல் 247 வரையுள்ள ஓர் எண். வினவுபவனை ஆண்டான் என்றும், விடையளிப்பவனை அடிமை என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் வழங்கிவந்தனர். அச்சொற்களை 2020ஆம் ஆண்டில் மொட்பஸ் அமைப்பு கைவிட்டது. ஆனால் நான் சொல்லும் காலத்தில் பழைய சொற்களே எங்கள் வரைபடங்களில் இருந்தன. இரண்டாவது விதி இதைவிட முக்கியமானது. ஒவ்வொரு செய்தியின் ஈற்றிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். செய்தியைப் பெற்றவன் தானும் கணக்கிட்டுப் பார்த்து, அவ்வெண் பொருந்தாவிடின் அச்செய்தியை அப்படியே விட்டுவிட வேண்டும். ‘விளங்கவில்லை, மறுபடி சொல்’ என்றுகூடச் சொல்லக்கூடாது. ஏனெனில் பெயரே பிழையாகக் கேட்டிருக்கலாம். அழைக்கப்படாதவன் வாய் திறந்தால் குழப்பம் மிகும். ஆகவே, கேட்டது கெட்டுப்போயிருந்தால் மௌனமே விதி.

எங்கள் திட்டத்தில் தாங்கியடியிலிருந்த பொறி ஆண்டான், பம்பியறையிலிருந்தது அடிமை. இரண்டு செக்கனுக்கு ஒருமுறை தாங்கிப் பொறி வினவும். நீர் குறைந்திருந்தால் பம்பியை ஓடவிடச் சொல்லும். மூன்று முறை கேட்டும் விடை வராவிடின், ‘பம்பி நிலையம் – மறுமொழி இல்லை’ என்று நேரத்தோடு குறித்து, கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு அறிவிக்கும். மறுபுறத்தில், பம்பியறைப் பொறி ஒரு நிமிடம் வரை ஒழுங்கான வினா எதனையும் கேளாவிடின், தாங்கி நிரம்பி வழிந்துவிடும் என்று அஞ்சிப் பம்பியை நிறுத்திவிடும். இவ்வேற்பாட்டை வகுத்தபோது, இதில் பிழையென்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இன்றும் இல்லை. ஆனால் குறிப்பெழுதும் உரிமை ஆண்டானுக்கே உண்டு என்பதையும், அலுவலகத்துக்கு எட்டுவது அவன் சொல் ஒன்றே என்பதையும் அன்று நான் எண்ணிப்பார்க்கவில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முறைப்பாடு வந்தது. காலையில் குழாயைத் திறந்தால் காற்றே வருகிறது. சுபஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யவும் நீரில்லை. பாடசாலைப் பிள்ளைகள் வாளியோடு நிற்கின்றனர். அலுவலகத்துக் குறிப்பேட்டைப் பார்த்தால், ஒவ்வோரிரவும் ஒன்பது மணியளவில் ‘மறுமொழி இல்லை’ எனத் தொடங்கி, காலை ஏழு மணி, ஏழரை வரை அதே வரி. பகலில் ஒரு குறையுமில்லை. இரவிலேதான் தாங்கி நிரம்பவேண்டும். இரவிலேதான் பம்பி நின்றது.

பம்பியறைக்கு இரவுக் காவலராகவும் இயக்குநராகவும் இருந்தவர் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெரியவர். பிறந்த மண்ணை விட்டு இருபது ஆண்டுகள் புத்தளத்தில் உப்பளக் கூலியாக வாழ்ந்து திரும்பியவர். ‘நானா’ என்றே எல்லாரும் அவரை அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னைச் ‘சேர்’ என்றார்.

நான் போனது ஒரு நண்பகல். பம்பியறைப் பொறியைப் பார்த்தேன், நன்றாயிருந்தது. தாங்கிப் பொறியைப் பார்த்தேன், அதுவும் அவ்வாறே. வடத்தைச் சோதித்தேன். இரு நுனிகளிலும் 120 ஓம் தடையிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. வடத்தின் ஒரு சுருள் ஐந்நூறு மீற்றர் நீளமாதலின், இடையிலே ஒரு கம்பத்தில் பொருத்திய இணைப்புப் பெட்டியில் இரு துண்டுகளும் கூடியிருந்தன. அதனையும் திறந்தேன். செப்புக் கம்பிகளின் நுனி சற்றே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. முனைகளின் மேல் வெண்பொடி போல ஏதோ படிந்திருந்தது. பல்மானியை வைத்துப் பார்த்தேன். முனைக்கு முனை மின்னொழுக்கு இல்லை. பெட்டி வெயிலில் கைவைக்க முடியாதபடி கொதித்தது. மூடிவிட்டு வந்தேன்.

நானா என்னோடு நடந்து வந்தவர், “ராவைக்கு நிண்டு பாக்கணும், சேர்” என்றார்.

நான் ‘ஓம்’ என்றேன், நிற்கவில்லை. இருட்டுமுன் சிலாவத்துறையைக் கடக்கவேண்டும் என்று வானோட்டி அவசரப்படுத்தினார். யானை வரும் பாதை என்பது அவர் சொன்ன காரணம். என் மனத்தில் அதற்குள் வேறொரு முடிவு உருவாகிவிட்டது. பொறிகள் நலமாயுள்ளன, வடம் நலமாயுள்ளது, பகலில் பேசுகின்றன, இரவில் மட்டும் பேசவில்லை. இரவிலே அங்கு இருக்கும் வேற்றுமை ஒன்றே. அது மனிதர். பம்பியின் இரைச்சலில் உறங்க முடியாமையால், பலகையின் ஆளியை அணைத்துவிட்டுப் படுத்து, விடியலில் எழுந்து மீண்டும் போடுகிறார் என்று எனக்குத் தோன்றிற்று. தருக்கநூல் படித்த மாணவர்கள் இதிலுள்ள ஓட்டையை உடனே காண்பர். எனக்கு அன்று அது தருக்கமாகவே தோன்றியது. ‘சாதனங்களிலும் வடத்திலும் குறைபாடு காணப்படவில்லை, இரவு வேளையில் பம்பியறை மின்வழங்கல் துண்டிக்கப்படுவதாகக் கருத இடமுண்டு’ என்று அறிக்கையில் எழுதினேன். ‘கருத இடமுண்டு’ என்ற தொடர் என்னைக் காப்பாற்றும் என்பது எண்ணம். அது என்னைக் காத்தது; அவரைக் காக்கவில்லை. அவருடைய இரவுப்படி நிறுத்தப்பட்டது. பம்பியைக் கையால் இயக்கும் சாவியையும் அலுவலகத்தார் வாங்கிக்கொண்டனர். அதனால், பொறி நிறுத்திய பம்பியை அவர் தாமாக ஓடவிடவும் வழியில்லாது போயிற்று. ஊரவரோ, நானா உறங்குகிறார் என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே பேசத் தொடங்கினர்.

ஜூலை மாதத்தில் மறுபடி கடிதம் வந்தது. குறை தொடர்கிறது, அவரைப் பணியினின்றும் நீக்குவதாயின் உறுதியான சான்று வேண்டும், அதனைத் திரட்டித் தருக என்பது அதன் சாரம். ஆகவே, இரண்டாம் முறை நான் போனது குறையைத் தீர்ப்பதற்கன்று. ஒரு முதியவரின் மேல் ஏற்கெனவே சாற்றிய குற்றத்துக்குச் சான்று தேடிப் போனேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பலகையின் மின் எப்பொழுது துண்டிக்கப்பட்டது என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மொட்பஸ் மொழியில் ‘நோயறி’ வினாக்கள் என்று சில உள்ளன. எட்டாம் எண் தொழில் என்று அவற்றைச் சொல்வர். தான் கேட்ட செய்திகள் எத்தனை, அவற்றுள் கெட்டுப்போய் வந்தவை எத்தனை என்று ஒவ்வொரு பொறியும் தன்னுள் எண்ணிக்கொண்டிருக்கும். மின் நின்று மீண்டும் வந்தால் அவ்வெண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும். இரவில் அணைத்துக் காலையில் போடுபவராயின், நண்பகலில் அப்பொறியின் எண்ணிக்கை நாலைந்து மணி நேரத்துக்கு உரியதாகவே இருக்கும்; அன்றியும், பகலில் தொடர்பு தெளிவாக இருப்பதால் கெட்ட செய்திகளின் எண்ணிக்கை சுழியை அண்டி நிற்கும். மடிக்கணினியை இணைத்து வினவினேன்.

கெட்ட செய்திகள்: ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம்.

சில கணம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு செக்கனுக்கு ஒன்று எனின், ஒரு மணி நேரத்துக்கு 1,800. பத்து மணி நேரம் கொண்ட ஓரிரவுக்கு 18,000. மூன்று இரவுகளுக்கு 54,000. ஊர் முழுவதும் மின்தடை ஏற்பட்டது எப்பொழுது என்று நானாவைக் கேட்டேன். மூன்று நாளுக்கு முன், அஸருக்குப் பிறகு என்றார். கணக்கு நேராயிற்று. மின்தடை நீங்கிய அந்த மாலை முதல் பம்பியறைப் பொறி ஒரு கணமும் அணைக்கப்படவில்லை. மூன்று இரவும் விழித்திருந்து, தன்னை நோக்கி வந்த ஒவ்வொரு வினாவையும் கேட்டிருக்கிறது. கேட்டவை எல்லாம் சிதைந்து வந்தன. சிதைந்த வினாவுக்கு விடையளிக்கலாகாது என்ற விதிப்படி ஐம்பத்து மூவாயிரம் முறை மௌனமாக இருந்திருக்கிறது. தாங்கிப் பொறியோ, ஒவ்வொரு மௌனத்தையும் ‘மறுமொழி இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அது எழுதியது பொய்யன்று. அதை வாசித்த நான்தான் ‘மறுமொழி இல்லை’ என்பதை ‘ஆளில்லை’ என்று பொருள்கொண்டேன்.

வானோட்டியை அனுப்பிவிட்டு அன்றிரவு தங்கினேன்.

மகரிப் தொழுகை முடிந்து நானா பாணும் பருப்பும் கொண்டுவந்தார், பின்னர் வெறுந்தேநீர். சோளகக் காற்று கடலிலிருந்து ஓயாது வீசியது. அக்காற்றின் உப்பை நாவில் உணரலாம். பேச்சு முத்துக்குளிப்பின் பக்கம் திரும்பிற்று. 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. காட்டோரத்து மணலில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் எழுந்து, குளிப்பு முடிந்ததும் மறைந்தது. அடுத்த ஆண்டுக் குளிப்பில் மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளுள் ஒருவர்தாம் பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். இவற்றை நான் நூலில் படித்திருந்தேன். நானா தம் பாட்டனார் சொல்லக் கேட்டிருந்தார். சிப்பி அழுகும் நாற்றம் காற்றோடு பல கட்டை தூரம் வருமாம். அதனை மட்டும் அவர் மீண்டும் மீண்டும் சொன்னார்.

அக்காலத்துத் தொடர்பு முறையைப் பற்றி அன்றிரவு நினைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புத்துறையில் குளிப்பு நடந்தபோது, இரவு பத்து மணியளவில் கரையிலிருந்து பீரங்கி முழங்கும். அதனைக் கேட்டுப் படகுகள் எல்லாம் தரைக்காற்றோடு புறப்படும். பீரங்கிக்கு எவரும் விடை கூறுவதில்லை. மொட்பஸிலும் இதற்கு ஒப்பான முறை ஒன்றுண்டு: சுழி என்னும் பெயருக்கு அனுப்பும் செய்தி எல்லார்க்கும் உரியது; எவரும் மறுமொழி தரலாகாது. கடலுக்குள்ளோ முறை வேறு. கல்லைக் காலிற் பிணைத்துக் கீழே போனவனுக்கும் படகில் கயிறு பிடித்து நின்றவனுக்கும் இடையே இருந்தது கயிற்றின் அசைவு ஒன்றே. கயிறு அசையாதபோது மேலிருப்பவன் அறிவது, அசையவில்லை என்பதை மட்டுமே. கீழிருப்பவன் இன்னும் சிப்பி பொறுக்குகிறானா, மூர்ச்சித்துவிட்டானா, கயிறு பாறையில் சிக்கிற்றா என்பதைக் கயிறு சொல்லாது. ஒன்று செய்யலாம், இழுத்துப் பார்க்கலாம். நான் முதன்முறை வந்தபோது கயிற்றை இழுத்துப் பாராமலே கரைக்குத் திரும்பியவன்.

ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குத் திரையில் கெட்ட செய்திகளின் எண் ஒன்றொன்றாக ஏறத் தொடங்கிற்று. முதலில் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று. கால் மணி நேரத்தில் ஒன்றுவிடாமல் எல்லாமே கெட்டன. பம்பி நின்றது. அந்த நிசப்தம் நானாவுக்குப் பழக்கமானது. அவர் ஒன்றும் சொல்லாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. இணைப்புப் பெட்டியின் கம்பத்தடியில் போய் நின்றார்.

“அண்டைக்கே சொன்னன் சேர், ராவைக்குப் பாக்கணுமெண்டு. உப்புப் போத்தல் வீட்டில பகல்ல காஞ்சு கிடக்கும், ராவையானா வேர்க்கும். அளத்தில கிடந்தவன் நான், எனக்குத் தெரியாதா?”

பெட்டியைத் திறந்தேன். நண்பகலில் வெண்பொடியாகக் கிடந்தது இப்பொழுது விளக்கொளியில் பளபளத்தது. முனைகளுக்கிடையே மெல்லிய ஈரப்படலம். வடம் நுழையும் துளையின் றப்பர் வளையம் இல்லை. அத்துளை கடலை நோக்கி இருந்தது. கச்சானும் சோளகமும் மாதக்கணக்கில் உப்பை உள்ளே ஊதியிருக்கின்றன.

சாதாரண உப்புக்கு ஓர் இயல்புண்டு. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்த பளிங்காயிருக்கும். அதனைக் கடந்தால், காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது. கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும். பகலில் வெயிலில் காயும் பெட்டிக்குள் ஈரப்பதன் மிகக் குறைவு. இரவில் பெட்டி குளிர்ந்ததும் கடற்காற்றின் ஈரப்பதன் அவ்வெல்லையைத் தாண்டுகிறது. காலையில் வெயில் ஏறி ஏழரை மணிக்குப் பெட்டி சூடேறும்வரை அந்நிலை நீடிக்கிறது. குறிப்பேட்டிலிருந்த நேரங்கள் அனைத்தும் சூரியனுடைய நேரங்கள். மனிதனுடைய உறக்கத்தின் நேரங்கள் என்று அவற்றை நான் வாசித்திருந்தேன்.

கம்பிகளைக் கழற்றிப் பல்மானியை வைத்தேன். தாங்கியின் மிதவை ஆளிக்கென 24 வோல்ற்று மின்னும் அதே பெட்டிக்குள், தொடர்பாடற் கம்பியின் பக்கத்து முனையிலேயே கொண்டுசெல்லப்பட்டிருந்தது. அவ்விரு முனைகளுக்கிடையே பகலில் அளவிட முடியாதிருந்த தடை இப்பொழுது நாலாயிரம் ஓம் அளவிற்கு இறங்கியிருந்தது. வீட்டு மின்விளக்குக்கு இது ஒரு பொருட்டன்று. ஆயின் எங்கள் வடம் 1983இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.485 என்னும் நியமப்படி அமைந்தது. அதில் இரு கம்பிகளுக்கிடையேயுள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டே சொல் அறியப்படும். அவ்வேறுபாடு ஒரு வோல்ற்றின் ஐந்திலொரு பங்குக்குக் குறைந்தால், கேட்பவனுக்கு அது ஒன்றா சுழியா என்பது தெரியாது. எவரும் பேசாத இடைவேளையில் கம்பிகளை அவ்வளவுக்குச் சற்று மேலே தாங்கிப் பிடிக்க நாங்கள் தடையிகள் வைத்திருந்தோம். 24 வோல்ற்றிலிருந்து உப்புநீர் வழியாக ஒழுகிய சிறு மின் அத்தாங்கலைத் தின்றுவிட்டது. ஆகவே, மௌனமாக இருக்கவேண்டிய இடைவேளையெல்லாம் பிதற்றலாயிற்று. பிதற்றலோடு ஒட்டி வந்த வினா ஒவ்வொன்றும் சரிபார்ப்பில் தோற்றது.

துணியை மதுசாரத்தில் நனைத்து முனைகளைத் துடைத்து, காயவிட்டு, கம்பிகளைப் பூட்டினேன். எண்ணிக்கை நின்றது. சற்று நேரத்தில் பம்பியறைப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. நானா கைவிளக்கை அணைத்தார்.

அந்தப் பெட்டியை அக்கம்பத்தில், அத்திசை நோக்கிப் பொருத்த ஒப்புதல் அளித்த தாளில் இருந்தது என் கையொப்பம். றப்பர் வளையம் ‘பின்னர் பொருத்தப்படும்’ என்று அதில் எழுதியிருந்தேன். பின்னர் என்பது வரவில்லை. வடத்தை ஒட்டிட்டுப் பூட்டாது ஒரே நீளமாக எடுத்திருக்கலாம். 24 வோல்ற்றை வேறு பெட்டியில் வைத்திருக்கலாம். முனைகளுக்கு மேல் மெழுகுக் களியேனும் பூசியிருக்கலாம். உப்புக் கடற்கரையில் வேலைசெய்யப் போகும் மாணவ நண்பர்கள் இவற்றை மறவாதிருப்பாராக. நேரம் தவறாமல் வந்து நேரம் தவறாமல் போகும் குறை ஒன்றைக் கண்டால், அது வரும் நேரத்தில் அங்கே இருக்கவேண்டும். நண்பகலில் பார்த்துவிட்டு நள்ளிரவைப் பற்றி எழுதலாகாது.

இச்சம்பவத்துக்கு இரண்டாண்டுகளின் பின்னர், 2020 டிசம்பரில், மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’க் காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. முப்பது பெருங்காற்றாடிகள்; ஒவ்வொன்றும் 3.45 மெகாவற்று, மொத்தம் 103.5 மெகாவற்று. இத்தகைய காற்றாலைகளில் ஒவ்வொரு கோபுரத்திலும் கட்டுப்படுத்திகள் உண்டு. அவை கண்ணாடியிழை வடத்தின் வழியே ஒளியால் பேசிக்கொள்வது இன்றைய வழக்கம். ஒளிக்கு மின்னொழுக்கின் அச்சமில்லை. இடத்துக்கிடம் மாறும் புவித்தொடுப்பின் தொல்லையுமில்லை. அங்கும் அதே கடற்காற்றுத்தான். ஆனால் சிற்றூர்க் குடிநீர்த் திட்டங்களுக்கு அத்தகைய செலவை எவரும் அனுமதிப்பதில்லை. இரு செப்புக் கம்பிகளே கிடைக்கும். அவற்றை ஒழுங்காகப் பூட்டினால் அவையே போதும் என்பதும் உண்மை.

பெட்டியை நீக்கி, வடத்தை ஒரே துண்டாக மாற்றி, மின்னைத் தனியே பிரித்தோம். பின்னர் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கெட்ட செய்திகளின் எண்ணிக்கை நான்கு. அந்த எண்ணைத் திரையில் காணும் முறையை நானாவுக்குக் காட்டிக்கொடுத்திருந்தேன். அவர் ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் காலையில் அதனை எழுதிவைத்திருந்தார். மின்தடை வந்த நாள்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இட்டிருந்தார். அத்தகைய குறிப்பை எங்கள் நிறுவனத்தில் எவரும் வைத்ததில்லை.

அலுவலகத்துக்கு இரண்டாவது அறிக்கை எழுதினேன். குறைபாடு இணைப்புப் பெட்டியினுடையது. அதனைப் பொருத்தியமையில் தவறு எங்களுடையது. இயக்குநர் எவ்விரவிலும் மின்னைத் துண்டித்ததற்குச் சான்றில்லை என்பதோடு, துண்டிக்கவில்லை என்பதற்கே சான்றுண்டு என்று எண்களோடு எழுதினேன். ‘கருத இடமுண்டு’ என்ற தொடரை அதில் எங்கும் பயன்படுத்தவில்லை. சாவி திரும்பி வந்தது. நிறுத்திய இரவுப்படி மூன்று மாதங்களுக்குப் பின் கொடுக்கப்பட்டது. அறிக்கையின் பிரதியை நானாவிடம் நேரிற் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “முந்தின கடிதாசில என்ன எழுதினீங்க, மகன்?” என்றார். ‘சேர்’ அன்று ‘மகன்’ ஆகியிருந்தது. அதையும் படித்தேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். தேநீர் கொண்டுவரச் சற்று நேரம் எடுத்தது.

முதற் கடிதத்தைக் கோவையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று அலுவலகத்தில் விசாரித்தேன். இலக்கமிடப்பட்ட தாளைக் கோவையிலிருந்து அகற்ற விதியில்லை என்றனர். வேண்டுமாயின் இரண்டாவதைப் பார்க்குமாறு முதலாவதன் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதலாம் என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். பேனாவையும் அவரே தந்தார். எழுதிக் கையொப்பமிட்டுத் திகதியும் இட்டேன்.